வட்டமா, முக்கோணமா? திருவண்ணாமலைக்கு வண்டி எடுக்கும் முன் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டிய போர்டுகள்... சட்டம் சொல்வது என்ன?

பௌர்ணமி நெருங்கினாலே திருவண்ணாமலையை நோக்கி வண்டிகள் கிளம்பிவிடும். சென்னை, வேலூர், புதுச்சேரி, பெங்களூரு என நாலாபக்கமும் இருந்து கார், வேன், பஸ் வந்து சேரும். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா பதிவெண் வண்டிகளுக்கும் குறைவிருக்காது. அன்று இரவு சுமார் 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க லட்சக்கணக்கான பேர், பெரும்பாலும் வெறுங்காலுடன், நடந்துகொண்டிருப்பார்கள்.

பௌர்ணமி, கார்த்திகை தீபம் நாட்களில் போலீஸ் பாதுகாப்பு இருக்கும். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, தற்காலிக பஸ் நிலையங்கள் அமைப்பார்கள். யோசிக்க வேண்டியது மற்ற நாட்களைப் பற்றித்தான். கிரிவலம் வருபவர்கள் தினமும் உண்டு. விடியற்காலையிலும் இரவிலும் தனித்தனியாக, இரண்டிரண்டு பேராக நடப்பார்கள். அப்போது தடுப்பும் இருக்காது, வண்டியும் வழக்கம்போல ஓடும். டிரைவருக்கு வழிகாட்ட இருப்பது சாலையோர போர்டு மட்டும்தான்.

அந்த போர்டை நம்மில் எத்தனை பேர் சரியாகப் படிக்கிறோம்?

நடப்பவர்களுக்கு வண்டி தெரியாது

முதலில் இந்தப் பாதையின் தனித்தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரிவலம் வருபவர்களுக்கு மலை எப்போதும் வலதுகைப் பக்கம் இருக்கும். மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்கள் வலம் வரும் இடம் என்பது நம்பிக்கை. அதனால் சாலையின் இடதுபக்கமாகவே நடப்பது வழக்கம். நம் நாட்டில் வண்டி ஓட்டுவதும் இடதுபக்கம்தான். ஆக, பக்தர்கள் நடக்கும் ஓரத்தில் வரும் வண்டி அவர்களுக்குப் பின்னாலிருந்துதான் வரும். அவர்கள் கண்ணில் அது படவே படாது. விலகிப் போவார்கள் என்று டிரைவர் நினைத்தால், அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று, பாதையின் முதல் பகுதி தனிச்சாலை கிடையாது. செங்கம், பெங்களூரு பக்கம் போகிற வண்டிகள் ஓடும் அதே செங்கம் சாலைதான். ரமணாசிரமத்தைத் தாண்டி வலதுபக்கம் பிரிந்த பிறகுதான் கிரிவலப் பாதை தனியாகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் வருகிற வண்டியும், சாமி கும்பிட்டபடி நடக்கிற குடும்பமும் ஒரே தார்ச்சாலையில் சந்திக்கிற இடம் இது.

இந்த வழித்தடத்தின் வேகம் என்ன செய்யும் என்பதற்கு 2023 அக்டோபர் சாட்சி. செங்கம் அருகே பத்து நாட்களுக்குள் இரண்டு விபத்துகள். ஒன்றில் காரும் லாரியும், இன்னொன்றில் அரசுப் பஸ்சும் சுமோவும் மோதின. ஒவ்வொன்றிலும் 7 பேர் என 14 உயிர்கள் போயின.

எந்த வடிவம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் முதல் அட்டவணை சாலைக் குறியீடுகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது: உத்தரவு, எச்சரிக்கை, தகவல். படம் எல்லாம் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை, வடிவமும் நிறமும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சிவப்பு விளிம்பு வட்டம் என்றால் 'செய்யாதே'. நீல வட்டம் என்றால் 'கட்டாயம் செய்'. முக்கோணம் என்றால் 'முன்னால் ஏதோ இருக்கு, பார்த்துப் போ'. நீலச் சதுரமோ செவ்வகமோ வந்தால் அது வெறும் தகவல்.

வட்டங்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஹாரன் படம் சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக்கோட்டுடன் இருந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது. அதே ஹாரன் நீல வட்டத்தில் இருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும். '50' என்று சிவப்பு வட்டத்தில் இருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது. நீல வட்டத்தில் இருந்தால் அது குறைந்தபட்ச வேகம்.

நடுவில் எதுவுமே இல்லாத, சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டத்தைப் பார்த்தால் 'படம் அழிஞ்சு போச்சு போல' என்று தோன்றும். உண்மையில் அதற்கு அர்த்தம், இரண்டு பக்கமிருந்தும் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை என்பது. சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் நுழையக் கூடாது.

கோயில் நகரத்தில் அதிகம் உதவக்கூடிய ஜோடி வேறொன்று. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, ஒரே ஒரு சிவப்பு குறுக்குக்கோடு என்றால் நோ பார்க்கிங். ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம், வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அதே வட்டத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி மாதிரி இருந்தால் நோ ஸ்டாப்பிங், அதாவது நிறுத்தவே கூடாது. 'பாட்டியை இறக்கிவிட்டுட்டு ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன் சார்' என்ற பேச்சு முதல் போர்டுக்குக் கீழே எடுபடலாம், இரண்டாவதற்குக் கீழே எடுபடாது.

எட்டுக்கோண 'நில்' பலகைக்கும், தலைகீழ் முக்கோண 'வழிவிடு' பலகைக்கும் வேறெந்த போர்டுக்கும் இல்லாத வடிவம். தூசி படிந்து எழுத்து மறைந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும்கூட அடையாளம் தெரியும்.

படக் குறியீட்டின் பலன் இங்கேதான். சித்தூரிலிருந்து வரும் டிரைவருக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, வடிவம் போதும். ஆனால் தகரத்தில் பெயிண்ட் அடித்து 'ஒரு வழிப்பாதை' என்று தமிழில் மட்டும் எழுதி வைத்தால் அவருக்கு அது வெறும் தகரம்தான். இரவில் அதுவும் தெரியாது. இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த தரப்படி (2012, 2022 பதிப்புகள்) போர்டில் ஹெட்லைட் பட்டால் பளிச்சென்று ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் ஒட்டியிருக்க வேண்டும்.

எட்டு போட்டால் போதுமா?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 11-வது விதிப்படி, எல்எல்ஆர் தேர்வில் சாலைக் குறியீடுகள், விபத்து நடந்தால் டிரைவரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள் பற்றிக் கேள்விகள் வரும். 60 சதவீதம் சரியாக இருந்தால் பாஸ். (அகல ரயில் பாதையில் ஆளில்லா கேட்டுகள் 2019 தொடக்கத்திலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன. விதியில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.) யோசித்துப் பார்த்தால், பத்தில் நாலு போர்டுக்கு அர்த்தம் தெரியாமலும் சாலைக்கு வந்துவிடலாம்.

எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்துதான் லைசென்ஸ் டெஸ்ட். டெஸ்ட் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது 'எட்டு' போட்டதுதான். டூவீலரில் பேலன்ஸ் இருக்கிறதா என்பதற்கு அது நல்ல சோதனை. ஆனால் 15-வது விதியின் பட்டியல் அதைவிட நீளமானது. கண்ணாடி பார்ப்பது, சரியான நேரத்தில் சிக்னல் கொடுப்பது, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் எடுப்பது, குறியீடுகளுக்குக் கட்டுப்படுவது எல்லாம் அதில் உண்டு. சிக்னலோ போலீஸோ இல்லாத பாதசாரிக் கடவையில், கடப்பவருக்கு முதலில் வழிவிடுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. கிரிவலப் பாதைக்கு எட்டைவிட இதுதான் தேவை.

பாடத்தில் இல்லாத சிக்னல்கள்

சாலையில் இன்னொரு மொழியும் ஓடுகிறது. எதிரில் வருபவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தால் 'நீ போ' என்று ஒருவர் எடுத்துக்கொள்வார், 'நான் வர்றேன், நில்லு' என்று இன்னொருவர் எடுத்துக்கொள்வார். லாரி இண்டிகேட்டர் போட்டால் திரும்பப் போகிறதா, ஓவர்டேக் பண்ணச் சொல்கிறதா? ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். ஆட்டோவிலிருந்து நீளும் காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல மாநில வண்டிகள் சேருகிற ஊரில் இப்படி ஊகித்து ஓட்டுவது ஆபத்து. சட்டப்படி இண்டிகேட்டருக்கு ஒரே அர்த்தம்தான்: திரும்பப் போகிறேன்.

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் நாடு முழுக்க உயிரிழந்த பாதசாரிகள் 32,825 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை.

சிவப்பு சிக்னலை மீறுவது, 'நில்' பலகையை மதிக்காமல் போவது, ஓட்டும்போது கையில் போன், விதிமீறி ஓவர்டேக், எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவற்றை 2019 திருத்தம் 184-வது பிரிவின் கீழ் 'ஆபத்தான ஓட்டுதல்' என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

போர்டே தப்பா இருந்தா?

டிரைவர் மீது மட்டும் பழி போட்டால் கணக்கு சரியாகாது. போர்டை மறைக்கும் பேனர், போர்டு மாதிரியே தோற்றமளித்துக் குழப்பும் விளம்பரம், டிரைவரின் கவனத்தைச் சிதறடிக்கும் பலகை ஆகியவற்றை அகற்ற 116-வது பிரிவு போலீஸ் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. வரவேற்பு பேனருக்கு இதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. குறியீட்டை வேண்டுமென்றே அகற்றுவதோ சிதைப்பதோ குற்றம். வண்டி மோதி தெரியாமல் சேதமானால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும்.

198ஏ பிரிவு பலருக்கும் தெரியாது. சாலையை வடிவமைத்த, அமைத்த, பராமரிக்கிற அதிகாரிகளோ ஒப்பந்ததாரரோ பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் யாராவது இறந்தாலோ ஊனமடைந்தாலோ, அவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஒருவேளை விபத்தைப் பார்த்தால் 108-க்கு அழைத்து, அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டாம். 134ஏ பிரிவு உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும்.

மறைந்த, உடைந்த, குழப்பும் போர்டு கண்ணில் பட்டால் இடம் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மற்ற சாலைகளுக்கு முதல்வரின் முகவரி எண் 1100. உள்ளூர்வாசிகள் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனுவில் எந்தச் சாலை, எந்தத் திருப்பம், பக்கத்தில் என்ன அடையாளம் என்று எழுதிவிடுவது நல்லது. 'கிரிவலப் பாதையில்' என்று மட்டும் எழுதினால் தேட வேண்டிய தூரம் 14 கிலோமீட்டர்.