மஞ்சள் மேலாடை எட்டாத பூலிடோர்

ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவன் நான். சைக்கிளோட்ட வீரர்களில் எனக்குப் பிடித்தவர் பிரான்ஸின் ரேமன் பூலிடோர். பாரிஸில் வாழும் எம்மவர்கள், வயதான பிரெஞ்சுக்காரர் அவரைப் 'பூபூ' என்று செல்லமாகச் சொல்வதைக் கேட்டிருக்கக்கூடும்.

மூன்று வாரங்களுக்கு மேல் நீளும் டூர் டி பிரான்ஸ் போட்டியில், மொத்த நேரத்தில் முன்னிற்பவருக்கு மஞ்சள் மேலாடை கொடுப்பார்கள். பூலிடோர் அதில் 14 தடவை ஓடினார். மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். மஞ்சள் மேலாடையை ஒரு நாள்கூட அணியவில்லை.

1936இல் க்ரூஸ் மாவட்டத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டாய இராணுவ சேவை அவரை அல்ஜீரியாவுக்குக் கொண்டுபோனது. அல்ஜீரியர் தம் விடுதலைக்காகப் போராடிய போர் அது; இவர் பிரெஞ்சுப் படையில் வாகனச் சாரதி. அதையும் சொல்லத்தான் வேண்டும். திரும்பியபோது 12 கிலோ எடை கூடியிருந்தது. அதைக் குறைத்து, 1960இல் மெர்சியே அணியில் தொழில்முறை வீரரானார். அப்போது வயது 24. அவருடைய பெரும் போட்டியாளர் ஜாக் ஆங்க்தில் 23 வயதிலேயே டூரை வென்றிருந்தார். சண்டையால் படிப்பும் விளையாட்டும் பிந்திப்போன எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

1964தான் கிட்ட வந்த ஆண்டு. மொனாக்கோவில் ஓடுதளத்தில் இன்னும் ஒரு சுற்று இருக்க, முடிந்துவிட்டதென்று நினைத்து வேகமெடுத்து ஏமாந்தார். அந்தக் கட்டத்தை ஆங்க்தில் வென்று, ஒரு நிமிட நேரச் சலுகையும் பெற்றார். பிறகு ஜூலை 12 அன்று, பூய் து டோம் மலையேற்றத்தில் இருவரும் தோளோடு தோள் உரச ஏறினார்கள். கடைசியில் பூலிடோர் பிரிந்து முன்னேறி 42 வினாடிகளை மீட்டார். போதவில்லை, 14 வினாடி மிச்சம் இருந்தது. பாரிஸில் முடிந்தபோது வித்தியாசம் 55 வினாடி. மொனாக்கோவின் அந்த ஒரு நிமிடத்தை விடக் குறைவு!

1968இல் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மோதி விழுந்தார். 1973இல் தொடக்க நாளில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் மஞ்சள் மேலாடை தவறியது.

வெற்றியே காணாதவரல்ல. மிலான்-சான் ரெமோ (1961), ஸ்பெயினின் வுவெல்தா (1964), இரண்டு முறை பாரிஸ்-நீஸ். 40 வயதில், 1976இல், டூரில் மூன்றாமிடம். ஆனாலும் ஐந்து தடவை வென்ற ஆங்க்தில்லை விட மக்கள் இவரைத்தான் கூடுதலாக நேசித்தார்கள்.

2019 நவம்பர் 13 அன்று காலமானார். 2021இல் அவருடைய மகள்வழிப் பேரன் மத்தியூ வான் டெர் பூல் டூரின் இரண்டாம் நாளை வென்று, வானத்தை நோக்கி விரல் நீட்டினார். தாத்தாவுக்கு எட்டாத மேலாடையை ஆறு நாள் வைத்திருந்தார்.