பாடு முறையும் குப்பங்களின் ஒற்றுமையும்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலே, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயுமாக நீர் சூழ நீண்டு கிடக்கும் மணற்றிட்டின்கண் உள்ளது காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி. தெற்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். இவ்விரு நீர்நிலைகளையும் நம்பி வாழ்ந்து வரும் பட்டினவர் குலத்தாராகிய நம்மவர், பல குப்பங்களாய்ப் பிரிந்திருந்தும் ஒரு நீரை ஒருங்கே ஆண்ட வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றாம்.

சங்கம், சபை, கூட்டுறவு என்பனவெல்லாம் மேனாட்டார் வந்த பின்னரே நாம் கற்றவை என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பிழைபட்டதென்பதற்குப் பழவேற்காட்டின் பாடு முறையே போதிய சான்றாம். 'படு' என்னும் பகுதி நீண்டு 'பாடு' எனத் தொழிற்பெயராயிற்று. மீன்படுதல் மீன்பாடு ஆகும். உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. வலையிடும் இடத்திற்கும், அவ்விடத்தில் ஒருவர்க்கு வாய்க்கும் முறைக்கும் நம் முன்னோர் இச்சொல்லையே வழங்கினர். உழைப்பையும் உரிமையையும் ஒரு சொல்லால் குறித்த அவர்தம் நுண்ணறிவை என்னென்பது!

இனி, அம்முறை நடந்தவாற்றைக் கூறுவாம். ஏரியிலுள்ள இறால், கடலேற்றத்தோடும் இறக்கத்தோடும் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளின் வழியே போக்குவரவு செய்யும். ஆங்கே கழிகளை நட்டுச் சுற்றுவலை கட்டுவார்க்கே நல்ல பாடு கிடைக்கும். ஆனால் அத்தகைய இடம் மிகச் சிறிது; வலையோ மிகப் பல. வலியவர் முந்திக்கொள்வாராயின் எளியவர் பட்டினி கிடப்பர். எல்லாரும் ஒருங்கே இறங்குவாராயின் வலையோடு வலை சிக்கி எவர்க்கும் மீன் இல்லையாம். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் என்னும் மூன்று ஊர்ப் பஞ்சாயத்தாரும் தம்முள் கூடி, வலையிடும் துறைகளை முறைவைத்து ஆண்டனர். ஒவ்வொரு குப்பத்திலும் உரிமையுடைய தலைக்கட்டுகளின் பெயரைக் கணக்கிட்டு, சீட்டெடுத்து, இன்னார்க்கு இன்ன நாள் என வரையறுத்தனர். முறை தவறியவர்க்குத் தண்டம் உண்டு. வழக்கெழுந்தால் ஊர் கூடித் தீர்க்கும்.

இதில் நாம் கருத்தூன்றி நோக்கற்பாலது ஒன்று உண்டு. நல்ல துறை ஒருவர்க்கே என்றும் உரியதன்று. இன்று நல்லிடம் பெற்றவர் நாளை மற்றொருவர்க்கு விட்டு விலகல் வேண்டும். செல்வரும் வறியரும் சீட்டின் முன்னே நிகராவர். மாதாவின் பெயர் தாங்கிய குப்பத்தாரும் மாரியம்மனை வழிபடுவாரும் ஒரே முறைக்குக் கட்டுப்பட்டனர். வழிபாடு வேறாயினும் பாடு ஒன்றாயிற்று.

இத்தகைய ஏற்பாடு நம் கரைக்கே உரியதன்று. இலங்கையின் நீர்கொழும்புக் கழியிலும், 'கட்டுதெல்' எனப்படும் கழிவலைக்கு நான்கு மீனவர் சங்கங்கள் முறைவைத்துச் சீட்டெடுக்கும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கத்தை அந்நாட்டு அரசு 1958-ஆம் ஆண்டில் விதிகளாக எழுதிச் சட்டத்தின் காவலுக்குள் கொணர்ந்தது. பொதுச் சொத்தை அதனை நுகர்வோரே விதி வகுத்துக் காத்தல் கூடும் என்பதை உலகின் பல நாட்டு வழக்கங்களை ஆராய்ந்து நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், 1990-இல் அதுபற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். 2009-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசும் பெற்றார். எழுத்தறியாதாராகிய நம் பாட்டனார் ஏரிக்கரையில் நடத்திக் காட்டியதை உலகம் பின்னரே ஏட்டில் படித்தது எனலாம்.

நிற்க. வரலாறு எழுதுவார் புகழை மட்டும் எழுதிக் குறையை மறைத்தல் அறமன்று. பாடு முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது தலைக்கட்டு ஆடவரை மட்டுமே எண்ணியது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்த பின்னர், நம் கடற்கரை ஊர்ப் பஞ்சாயத்துகள் நிவாரணப் பொருளைக் குடும்பந்தோறும் ஒழுங்காகப் பகிர்ந்தளித்துப் பலராலும் பாராட்டப் பெற்றன. ஆயினும் தலைக்கட்டுக் கணக்கில் வாராத கைம்பெண்கள் சிலவிடங்களில் விடுபட்டனர். மற்றொன்று, ஏரியை நம்பிய பிற மக்களுக்கு அம்முறையில் இடமில்லாமற் போயிற்று. வலையுமின்றிக் கழியில் அமர்ந்து, கையால் இறாலைத் தடவிப் பிடித்து, வாயிற் கவ்விய பறியில் இடும் இருளரும், உழுதொழில் குன்றி ஏரிக்கு வந்த ஒடுக்கப்பட்டோரும் துறைக்கு வெளியே நின்றனர். இறாலுக்கு அயல்நாடுகளில் விலை ஏறிய பின்னர் இது காரணமாகப் பூசல்களும் விளைந்தன. நமக்குள் நீதி பேணிய முறை, வேலிக்கு அப்பால் உள்ளாரை நோக்காதாயிற்று.

அக்குறையைப் போக்கவேண்டிய காலம் இதுவே. என்னை? இற்றை நாளில் வரும் இடர்கள் குலம் பார்த்து வருவனவல்ல. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. பின்னர்க் காட்டுப்பள்ளியிற் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தபோது, காட்டுப்பள்ளிக் குப்பத்தார் தம் கரையை விட்டு வேறிடம் பெயர்ந்தனர். 2017 சனவரி 28-இல் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலிற் பரந்தது. 2023 டிசம்பரில் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் கழியிற் கலந்தபோது, நம்மவர் தம் படகிலேறிக் கையால் அதனை வாரினர். அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அமோனியாக் காற்றுக் கசிய, உறங்கியவர் குழந்தைகளோடு எழுந்தோடினர். அக்காற்று எவர் வீட்டு வாயிலிலேனும் நின்று குலம் வினவிற்றா?

அக்காலத்துத்தான் ஒற்றுமையின் பயனும் வெளிப்பட்டது. அமோனியாக் கசிவின் பின்னர் 33 ஊரார் ஒன்றுகூடிப் போராடினர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரினின்று ஏறத்தாழ 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோதும், குப்பங்கள் தனித்தனியே நில்லாமல் ஒரு குரலாய் எதிர்த்தன. அதற்கென 2021 சனவரி 22-க்கும் 2023 செப்டம்பர் 5-க்கும் குறிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இரண்டும் குறித்த நாளில் நடைபெறவில்லை. ஒரு குப்பம் தனியே எழுதும் விண்ணப்பம் அலுவலக மேசையில் உறங்கும். பல குப்பங்கள் கூடி எழுதினால் அதனைப் பிரித்துப் படித்தே தீரல் வேண்டும்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கும் குடும்பத்தார்க்கும் யாம் சொல்லத்தக்கன மூன்று. முதலாவது, முதியோர் நினைவிலுள்ள பாடு முறைகளை ஊர்தோறும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எழுதப்படாத உரிமை, கேட்பாரற்ற உரிமையாம். இரண்டாவது, பெண் தலைமை தாங்கும் குடும்பத்தையும் தலைக்கட்டாக எண்ணுதல் வேண்டும். கூடை சுமந்து மீன் விற்று வீடு காப்பவள் தலைக்கட்டு அல்லளோ? மூன்றாவது, நம் பஞ்சாயத்துகள் கூடும்போது இருளர் முதலிய அயலாரையும் அழைத்து உடன் அமர்த்துதல் வேண்டும்.

முறைவைத்துப் பகிர்தலே நம் முன்னோர் விட்டுச்சென்ற முதுசொம். அதனை மூன்று குப்பங்களின் எல்லையில் நிறுத்தாது, அந்நீரை உண்டு வாழும் அனைவரிடத்தும் செலுத்துவோமாயின், நீரும் நிலைக்கும். நம் குலமும் நிலைக்கும்.