பின்னச்சும் தகட்டுடலும்: கரவனெல்ல வீதியை முன்னிறுத்திய ஒரு கைவினை வரலாறு

மோட்டார் வண்டியின் வரலாறு பெரும்பாலும் அதனை வடிவமைத்தோரின் வரலாறாகவோ, ஓட்டி வென்றோரின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பின்னர் அவ்வண்டியைத் திருத்தியும், மாற்றியும், சில வேளைகளில் முற்றிலும் புதிதாக ஆக்கியும் தந்த கைகளுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைத்ததில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின் வில்லமைப்பையும் தகட்டுடலையும் புதிதாக ஆக்கும் தொழில் இதற்குத் தக்க சான்றாகும். அத்தொழிலின் நுட்பத்தையும், அது நம்மவர் மத்தியில் வேரூன்றிய பொருளாதாரச் சூழலையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீதியும் இறப்பரும்

அவிசாவளையிலிருந்து ஹற்றன் ஊடாக நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதியுடன், கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய ஊடாக வரும் வீதி வந்து சேருமிடமே கரவனெல்ல. களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வரை இடப்பட்டிருந்த குறுகிய புகையிரதப் பாதை 1942இல் கைவிடப்பட்ட பின்னர், இப்பகுதியின் போக்குவரத்து முழுவதும் வீதியையே நம்பி நின்றது.

மோட்டார் வண்டிக்கும் இம்மண்ணுக்கும் உள்ள உறவு வண்டிகள் இவ்வீதியில் ஓடியதால் மட்டும் ஏற்பட்டதன்று. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹம் கொண்டுசென்ற விதைகளிலிருந்து கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மேலைநாடுகளில் மோட்டார் வண்டி பெருகியதும் டயருக்கான இறப்பரின் விலை ஏறியது. களனிப் பள்ளத்தாக்கின் காடுகள் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். சுருங்கக் கூறின், தோட்டத்துக்கு வண்டி வருவதற்கு முன்னரே, வண்டிக்காகத் தோட்டம் வந்துவிட்டது.

1934இல் நுவரெலியாவின் மஹகஸ்தொட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி தொடங்கியது. கொழும்பிலிருந்து அங்கு செல்லும் வழிகளுள் கரவனெல்ல வீதியும் ஒன்று. தாழ்நிலத்து வெப்பத்தில் தொடங்கி, கித்துல்கலையைக் கடந்து, கினிகத்தேனையின் வளைவுகளில் ஏறும் இவ்வீதி, எந்த வண்டியின் பின்னச்சையும் சோதிக்கவல்லது. அச்சோதனையின் தன்மை யாதென்பதை அடுத்து நோக்குவோம்.

பின் வில்லமைப்பின் சிக்கல்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுட் பெரும்பாலானவை அன்றாடக் கார்களின் உறுப்புகளாலேயே ஆக்கப்பட்டவை. 1922இல் வெளிவந்த ஒஸ்டின் செவன் என்னும் சிறு காரின் மீது இளைஞர் பலர் தாமே உடல் அமைத்து ஓட்டினர். கொலின் சப்மன் 1948இல் தமது முதலாவது லோட்டஸை அதன் மீதே கட்டினார். 1958இல் வெளிவந்த ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், ஒஸ்டின் ஏ35 காரின் இயந்திரத்தையும் மொறிஸ் மைனரின் சுக்கான் அமைப்பையும் கடன் கொண்டது. ஆகவே சாதாரணக் காரின் குறைபாடுகளும் ஸ்போர்ட்ஸ் காரிற் புகுந்தன. அவற்றுள் தலையாயது பின் வில்லமைப்பாகும்.

இவ்வண்டிகளில் இரு பின் சில்லுகளையும் இணைக்கும் அச்சு ஒரே உறுதியான குழாயாக உள்ளது. ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்ட உருக்கு வில்தகடுகள் அதனைத் தாங்குகின்றன. இவ்வில்தகடுகள் ஒரே வேளையில் மூன்று பணிகளை ஆற்றவேண்டியுள்ளன: வண்டியின் பாரத்தைத் தாங்குதல் ஒன்று, இயந்திரத்தின் முறுக்கு விசையால் அச்சு திரும்பிவிடாமற் பிடித்தல் மற்றொன்று, வளைவுகளில் அச்சு பக்கவாட்டில் நகராமற் காத்தல் பிறிதொன்று. மூன்று பணிகளையும் ஒரே உறுப்பின்மீது சுமத்தியமையால் ஒன்றேனும் செவ்வனே நிறைவேறவில்லை. ஏற்றத்தில் வேகம் கூட்டப்படும்போது வில்தகடு பாம்புபோல் நெளிகிறது; பின் சில்லு தரையை விட்டுத் துள்ளுகிறது; அடுத்த வளைவில் வண்டியின் பின்புறம் ஓட்டுநரின் எண்ணத்துக்கு மாறாகத் திரும்புகிறது. ஸ்பிரைட்டிலும் ஒஸ்டின் செவனிலும் பின்புறத்தில் பாதியளவான காலில்லுத் தகடுகளே இருந்தமையால் இக்குறை மேலும் வெளிப்படையாயிற்று.

மாற்று அமைப்பொன்றைச் செய்பவர் இம்மூன்று பணிகளையும் தனித்தனி உறுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கிறார். பாரத்தைச் சுருள்வில் தாங்குகிறது. முறுக்கை, அச்சிலிருந்து முன்னோக்கிச் செல்லும் இரு சோடி நீளத்தண்டுகள் தாங்குகின்றன. பக்கவாட்டு விசையை, அச்சின் ஒரு முனையையும் சட்டகத்தின் எதிர்முனையையும் இணைக்கும் குறுக்குத்தண்டு தாங்குகிறது. பிரான்சின் பனார்ட் நிறுவனத்தின் பெயரால் வழங்கும் இத்தண்டு, சில்லு மேலெழும்போது அச்சைச் சிறிதளவு பக்கவாட்டில் இழுத்துவிடும். இக்குறையை நீக்க விரும்புவோர் நீராவி இயந்திரத்துக்காக ஜேம்ஸ் வாட் 1784இல் உரிமம் பெற்ற இணைப்பு முறையைக் கையாள்வர். இரு நூற்றாண்டு மூத்த நுட்பமொன்று காரின் பின்னச்சில் மறுபிறவி எடுப்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இத்தண்டுகளின் இரு முனைகளிலும் பொருத்தப்படும் பூண்களுள் இருப்பது இறப்பரே. உலோகத்துடன் உலோகம் மோதாமல், அதிர்வைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அது. 1959இல் மினி கார் வெளிவந்தபோது அலெக்ஸ் மோல்டன் வில்லுக்கே பதிலாக இறப்பர்க் கூம்புகளைப் பயன்படுத்தினார். மரத்திற் சொட்டிய பால், விரையும் வண்டியின் பாரத்தைத் தாங்கும் பொருளாகியது.

தகட்டுடலின் ஆக்கம்

வில்லமைப்பை மாற்றுவோர் உடலையும் மாற்றவேண்டியவராகின்றனர். சுருள்வில்லுக்கு மேலே இடம் வேண்டும். அதனால் வண்டியின் தளம் வெட்டப்படும். தண்டுகளைப் பிணைக்கச் சட்டகத்துக்குக் குறுக்குச்சட்டம் வேண்டும். அகன்ற சில்லு பொருத்தப்படின் மட்கார்ட்டும் அகலவேண்டும். பின்னச்சும் தகட்டுடலும் இரு வேறு தொழில்களல்ல என்பது இதனாற் பெறப்படும்.

1945 முதல் 1949 வரை ஆக்கப்பட்ட எம்.ஜி. டி.சி. காரின் உடல், மரச்சட்டத்தின் மீது உருக்குத் தகடு போர்த்தி அமைக்கப்பட்டது. ஜகுவார் எக்ஸ்.கே. 120 காரின் முதல் 240 வரையிலான வண்டிகளும் மரச்சட்டத்தின் மீது கையால் அமைத்த அலுமினிய உடலைக் கொண்டிருந்தன. பின்னரே அச்சு இயந்திரத்தில் அழுத்திய உருக்குத் தகடு வந்தது. எனவே கைத்தொழில் என்பது ஏழை நாட்டின் குறைபாடன்று. ஸ்போர்ட்ஸ் காரின் பிறப்பே கைத்தொழிலில்தான் நிகழ்ந்தது எனலாம்.

டிங்கர் வேலை செய்பவர் முதலிற் கடதாசியில் அச்சு வெட்டுகிறார். அவ்வச்சின்படி வெட்டிய தகட்டை, மணல் நிரப்பிய தோற்பையின் மீதோ, குழி குடைந்த மரக்கட்டையின் மீதோ வைத்து, மரச்சுத்தியலால் அடித்துக் குழிவாக்குகிறார். அடிபட்ட இடத்தில் தகடு விரிந்து மெலிகிறது. விளிம்பிலோ அது சுருங்கவேண்டும். விரிவும் சுருக்கமும் சமப்படாவிடின் தகடு முறுகி நிற்கும். பின்னர் உட்புறத்தே இரும்புக் குமிழைப் பிடித்து, வெளிப்புறத்தே தட்டி மேடுபள்ளம் நீக்கப்படும். கண்ணால் அறியவியலாத பள்ளத்தை அவர் உள்ளங்கையால் அறிகிறார். வெல்டிங் செய்யும்போதும் இதே அவதானம் வேண்டும். அச்சுக் குழாயில் தாங்கியொன்றை ஒரே மூச்சில் ஒட்டினால் வெப்பத்தால் குழாய் வளைந்துவிடும். சிறிது சிறிதாக, பக்கம் மாற்றி, ஆறவிட்டு ஒட்டுவதே முறை.

பற்றாக்குறையும் பட்டறையும்

1948இல் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் மொறிஸ் மைனரும் எக்ஸ்.கே. 120உம் அறிமுகமாயின. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் அவ்வண்டிகளின் டயருக்கு வேண்டிய இறப்பரைத் தந்த கைகளுக்கு, அவை உழைத்த மண்ணிலேயே உரிமை மறுக்கப்பட்டது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடி மோட்டார் வாகன இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1975இல் ஆங்கிலக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. புதிய வண்டியும் உதிரிப்பாகமும் வராத அக்காலத்தில், இருந்த வண்டியை ஓடச் செய்வது பட்டறையின் பொறுப்பாயிற்று. தளர்ந்த வில்தகட்டை உலையிற் காய்ச்சி, வளைவேற்றி, எண்ணெயில் தோய்த்து உரமேற்றினர். துருப்பிடித்த தகட்டை வெட்டி, புதிய தகட்டைக் கையால் அமைத்துப் பொருத்தினர். லொறியின் முறிந்த வில்தகடு கொல்லனின் உலையிற் கத்தியாக மாறிற்று. எதுவும் வீசப்படவில்லை.

இத்திறன் பின்னர் கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், காரை வீசிவிடாமல் நீண்டகாலம் பேணவேண்டும் என்னும் கொள்கையுடையவர். 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கையருடன் கூட்டுச் சேர்ந்து, மொறிஸ் மைனரின் தகட்டுறுப்புகளைத் தென்னிலங்கையில் ஆக்குவித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். முன்னர் இங்கிலாந்து வண்டியை அனுப்ப, இலங்கை இறப்பரை அனுப்பியது. இப்போது வண்டியின் உடலையே இலங்கையரின் கைகள் ஆக்கி அனுப்பின. குடியேற்ற நாட்டு வணிகத்தின் திசை சிறிதளவேனும் மாறியதை இது காட்டுகிறது.

கோயம்புத்தூரின் சான்று

பற்றாக்குறை ஆக்கத்தைப் பிறப்பித்தமைக்கு அயலிலுள்ள தமிழகமும் சான்று தருகிறது. அங்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு பந்தயக் காரை எட்டாக் கனியாக்கியிருந்தது. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடைபெற்ற பந்தயங்களில், உள்நாட்டுக் கார்களை மாற்றியமைத்தே பலர் ஓடினர். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954–1995) இதனை ஒரு தொழிலாகவே வளர்த்தார். 1988இல் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார், மாருதி 800இன் 796 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைக் கொண்டது. முன்சில்லுகளை இயக்குவதற்கென ஆக்கப்பட்ட அவ்வியந்திரத் தொகுதியை ஓட்டுநருக்குப் பின்னே வைத்தமையால், பின் வில்லமைப்பை முதலிலிருந்தே அமைக்கவேண்டியதாயிற்று. அதன் உடல் கண்ணாடியிழையால் ஆனது. செலவு குறைந்த இக்காரின் வழியாகப் பந்தயத் துறையிற் காலடி வைத்தவர்களுள் ஒருவரே 2005இல் போர்முலா ஒன்றில் ஓடிய நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூரின் பந்தயத் தடம் இன்றும் கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடிவுரை

கரிவரதனின் பெயர் நிலைத்தது, அது தகுதியானதே. ஆனால் செல்வமும் கல்வியும் வாய்த்த ஒருவரின் பெயர் நிலைப்பதற்கும், சாலையோரப் பட்டறையிற் சுத்தியல் பிடித்தவரின் பெயர் மறைவதற்கும் காரணம் திறமையின் ஏற்றத்தாழ்வன்று, பதிவின் ஏற்றத்தாழ்வே. பழைய காரொன்று கண்காட்சிக்கு வரும்போது அதன் ஆண்டும், நிறுவனமும், உரிமையாளரும் பலகையில் எழுதப்படுகின்றன. தகட்டை வளைத்தவர் எழுதப்படுவதில்லை.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளிலும் நாடு மீண்டும் பட்டறையையே நாடியது. நெருக்கடியில் நாடப்பெறும் தொழில், நெருக்கடி நீங்கியதும் மறக்கப்படுதல் முறையாகாது. முதிய டிங்கர் வேலையாளர்களையும் கொல்லர்களையும் தேடிச் சென்று, அவர்களது தொழிற்சொற்களையும் முறைகளையும் அவர்கள் வாயிலாகவே கேட்டுப் பதிவுசெய்வது பல்கலைக்கழக மாணவர் ஆற்றவேண்டிய பணியாகும். அப்பணி, இறப்பர்க் காட்டினூடே செல்லும் கரவனெல்ல வீதியில் உள்ள ஒரு பட்டறையிலிருந்தே தொடங்கப்படலாம்.