எண்ணூறும் இன்னோவாவும்: கிளட்ச் வழுக்கினால் எங்கே பார்ப்பது?

ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் வேகம் எடுப்பதில்லை. மாருதி 800 ஆனாலும் டொயோட்டா இன்னோவா ஆனாலும் மெக்கானிக் சொல்வது ஒன்றுதான்: “கிளட்ச் ஸ்லிப் ஆகுது, கியர்பாக்ஸ் இறக்கணும்.” இன்னோவாவில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். 800-ல் அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது.

1983-ல் வந்த 800-ல் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கேபிள். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதல் இரண்டு சென்டிமீட்டர் போலப் பிடிப்பே இல்லாமல் இறங்க வேண்டும். இதைத்தான் பட்டறையில் ‘ப்ளே’ என்பார்கள். பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகரும்; ப்ளே குறையும். அது முழுதும் தீர்ந்துபோனால், காலை எடுத்த பிறகும் கேபிள் கிளட்சை அரைகுறையாக இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். பிளேட்டில் இன்னும் லைனிங் மிச்சமிருந்தாலும் வழுக்கல் தொடங்கிவிடும். கியர்பாக்ஸ் பக்கத்து லீவர் முனையில் இருக்கும் நட்டைச் சில சுற்று தளர்த்தினால் ப்ளே திரும்பிவிடும். ஒரு ஸ்பானர் போதும். உறைக்குள் துருவேறிச் சிக்கும் கேபிளாக இருந்தால் புதிது போட வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் வழுக்கினால்தான் கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டும்.

2005-ல் வந்த இன்னோவாவில் கேபிள் வேலையை ஆயில் செய்கிறது. பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும், அது குழாய் வழியே ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். பிளேட் தேய்ந்தால் ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே போய், மிஞ்சிய ஆயில் டப்பாவுக்குத் திரும்பிவிடும். அவ்வப்போது யாரும் நட்டைத் திருப்ப வேண்டியதில்லை. சௌகரியம்தான், ஆனால் 800-ன் பெடல் தரும் முன்னெச்சரிக்கை இதில் கிடைக்காது. வழுக்கல் தெரிய வரும்போது லைனிங் அநேகமாக ரிவெட்டை நெருங்கியிருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. வழுக்குகிறது என்றதும் டப்பாவைத் திறந்து கிளட்ச் ஆயில் ஊற்றுகிறார்கள். ஆயில் குறைந்தால் வருவது நேரெதிர்க் கோளாறு: பெடல் பொதக்கென்று இறங்கும், கிளட்ச் விடாது, கியர் கரகரக்கும். அதற்கும் வழுக்கலுக்கும் சம்பந்தமில்லை. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைத்துக்கொண்டால் மட்டும் அழுத்தம் உள்ளேயே தங்கி, நல்ல பிளேட்டும் வழுக்கும். வழுக்கும்போதே வண்டியை ஓரங்கட்டி, பெடலைத் தொடாமல் ஸ்லேவின் ப்ளீடர் நிப்பிளைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆயில் பீய்ச்சி அடித்தால் குற்றவாளி பிளேட் அல்ல.

சோதித்துப் பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. 800-ன் எஞ்சின் 796 சிசி, டார்க் 60 நியூட்டன்மீட்டர் அளவுதான். தேய்ந்த கிளட்சும் அதைக் கொஞ்ச காலம் தாங்கிக்கொள்ளும். டாக்கோமீட்டரும் இல்லாததால் காதுதான் கருவி. இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் 200 நியூட்டன்மீட்டர் தருகிறது, அதுவும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே. நாலாவது கியரில் 50-ல் போகும்போது ஒரே மிதி மிதியுங்கள். டாக்கோமீட்டர் முள் எகிறி ஸ்பீடோமீட்டர் முள் அசையாவிட்டால் சந்தேகம் வேண்டாம். மலையில் வரும் கருகல் நாற்றத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் புதுக் கிளட்சும் நாறும்.

800-ன் கியர்பாக்ஸ் இலேசானது. டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றி இரண்டு பேர் இறக்கிவிடலாம். இன்னோவாவில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும், கனமான கியர்பாக்ஸுக்கு ஜாக் வேண்டும். கூலி அதிகம் என்பதால் பிளேட்டோடு நிறுத்தாமல் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே லாபம். எந்த வண்டியானாலும் பிளேட் ஆயிலில் நனைந்திருந்தால் கசியும் சீலை மாற்றாமல் மூடக் கூடாது: எஞ்சின் ஆயில் என்றால் கிராங்க் சீல், கியர் ஆயில் என்றால் இன்புட் ஷாஃப்ட் சீல்.

கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை லைனிங் மட்டத்துக்கு வந்திருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. ரிவெட் இன்னும் ஆழத்தில் இருந்து, ஆயில் கறையும் இல்லையென்றால், கேபிளையோ மாஸ்டர் சிலிண்டரையோ பார்த்தாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.