மருதமடுக் காட்டிற் புகுந்தவர்கள்

எல்லாவற்றையும் துறந்து வந்த தமக்குக் கிடைப்பது யாது என்று பேதுரு ஒருநாள் இயேசுநாதரிடம் வினவியதாகச் சுவிசேஷம் கூறுகின்றது. வினவியதிற் குற்றமில்லை. வலையையும் படகையும் விட்டு வந்தவர் அவர். பதினேழாம் நூற்றாண்டில் மாந்தைக் கத்தோலிக்கர் முன்னும் இதே கேள்வி நின்றது; ஆனால் விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவது பெருங்குற்றமாயிற்று. சீர்திருத்தச் சபையிற் சேர்ந்தவனுக்கு உத்தியோகம் உண்டு. அச்சபையின் பள்ளித் தோம்பிற் பதியாத மணமும் பிறப்பும் ஐயத்துக்குரியவை. முதுசக் காணியும் அதனாற் கேள்விக்குள்ளாகும். வாளினும் இது கூரிய ஆயுதம். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணைப்படி மன்னார்த் தீவில் உயிரிழந்த அறுநூறு பேரளவினர் ஒருமுறை சாவை ஏற்றனர். தோம்புக்கு அஞ்சியவனோ நாள்தோறும் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தேவமாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டினுள் மருதமடுவுக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. யானையும் கரடியும் விஷப்பாம்பும் காய்ச்சலும் நிறைந்த காடு அது. ஒல்லாந்தரின் அதிகாரம் அங்கே முழுமையாக எட்டவில்லை என்பதொன்றே அவர்களுக்கிருந்த ஆறுதல். மடுத் திருத்தல மண் பாம்புக்கடிக்கு மருந்து என்னும் நம்பிக்கை பிற்காலத்திற் பரவியதை எண்ணும்போது, காட்டில் வாழ்ந்தோர் எதற்கு அஞ்சினர் என்பது விளங்கும்.

அவர்களுக்குப் பூசை செய்யக் குருவானவர் எவருமிலர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் கூலியாளின் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். பிராமண குலத்துக் கத்தோலிக்கர் அவர். வீடுவீடாய்ப் பிச்சையெடுத்து, கழுத்திற் செபமாலை அணிந்து, அதைக் கண்டு முகம் மலர்ந்தோரை அடையாளம் கண்டார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைச் சுற்றிவளைத்துப் பிடித்தனர்; அடிகள் தப்பினார். பின்னர் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையிலிடப்பட்டார். விடுதலையானபின் வைசூரி நோயாளரைத் தம் கையாலேயே பேணினார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே மரித்தார், தாயகம் திரும்பவேயில்லை. 2015இல் கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் சென்றார்.

காட்டுக் குடிசைகள் இருந்த இடத்தில் இன்று பெருங்கோவில் நிற்கின்றது. ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் திரளாக வருகின்றனர். ஆயினும் 2008 ஏப்ரலிற் போர் நெருங்கியபோது, குருமார் அதே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குச் செல்ல நேர்ந்தது. ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது.