ராயல் இல்லமும் அடிமைக் குடியிருப்பும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குச் சற்று வடக்கே இருக்கும் மெட்ஃபோர்டு நகரின் அருங்காட்சியகம் ராயல் இல்லம். 18ஆம் நூற்றாண்டில், பிரிட்டிஷ் ஆட்சியின்போது ஒரு பெரும் செல்வந்தர் விரிவாக்கிக் கட்டிய மூன்று தள மாளிகை இது. அதே முற்றத்தில், சில அடிகள் தள்ளி, தாழ்வான இன்னொரு கட்டடம் நிற்கிறது. அந்தக் குடும்பத்தின் அடிமைகள் வாழ்ந்த இடம் அது. வட மாநிலங்களில் தனிக் கட்டடமாக இன்றுவரை தப்பியிருக்கும் அடிமைக் குடியிருப்பு இது ஒன்றே என்று கருதப்படுகிறது. அடிமை முறை தெற்கத்திப் பருத்தித் தோட்டங்களோடு முடிந்த கதை என்று நம்புகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

அந்தச் செல்வந்தரான ஐசக் ராயல் பணம் சேர்த்தது கரீபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவில். கரும்புத் தோட்டம், ரம், அடிமை வணிகம் ஆகியவையே அவருடைய தொழில். 1732இல் மெட்ஃபோர்டில் 500 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை வாங்கி, அங்கிருந்த பழைய செங்கல் வீட்டைப் பெரிதாக்கத் தொடங்கினார். 1736இல் ஆன்டிகுவாவில் அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி ஆட்சியாளர்கள் 88 பேரைக் கொன்றார்கள். ராயலின் அடிமையான ஹெக்டரும் அவர்களில் ஒருவர். மறு ஆண்டே ராயல் குடும்பம் 27 அடிமைகளுடன் மெட்ஃபோர்டில் குடியேறியது.

மாளிகையின் தோட்டத்தைப் பார்த்த மேற்கு முகப்பில் மரப் பலகைகளையே வெட்டுக்கல் போலத் தெரியும்படி பதித்திருக்கிறார்கள். லண்டன் பாணியில் வாழும் ஆசை அந்த முகப்பில் தெரிகிறது.

1739இல் தந்தை இறக்க, அதே பெயருடைய மகன் சொத்துக்கு வாரிசானார். இரண்டு தலைமுறைகளில் 60க்கும் மேற்பட்ட அடிமைகள் இந்தக் குடும்பத்துக்கு உழைத்திருக்கிறார்கள். 1775 ஏப்ரலில் விடுதலைப் போர் வெடிக்கும் தறுவாயில் மகன் ராயல் ஊரைவிட்டு வெளியேறினார். காலியான மாளிகையில் அமெரிக்கப் படைத்தளபதி ஜான் ஸ்டார்க் தங்கினார். ராயல் 1781இல் இங்கிலாந்தில் இறந்தார்.

அவர் விட்டுச் சென்றவர்களில் ஒருவர் பெலிண்டா சட்டன். இந்த வீட்டின் வரலாற்றில் மறக்கவே கூடாத பெயர் இவருடையது. ஆப்பிரிக்காவில் பிறந்து, 12 வயது நிறைவதற்குள் கடத்தப்பட்டு, ஏறத்தாழ 50 ஆண்டுகள் அடிமையாக உழைத்தவர். விடுதலை வேண்டுமென்றால் பெறலாம், ஆனால் ஊருக்குச் சுமையாகிவிடாதபடி பிணை காட்ட வேண்டும் என்று ராயலின் உயில் அவருக்கு நிபந்தனை விதித்தது.  1783இல் பெலிண்டா மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். ராயலின் செல்வத்தில் ஒரு பங்கு தம் உழைப்பால் சேர்ந்தது என்றும், தமக்கும் நோயுற்ற மகளுக்கும் அதிலிருந்து ஜீவனாம்சம் வேண்டும் என்றும் கேட்டார். ராயல் சொத்திலிருந்து ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் வழங்க உத்தரவானது. பணம் ஒழுங்காக வரவில்லை. பெலிண்டா விடவில்லை, அடுத்த பத்தாண்டுகளில் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தார். அடிமை உழைப்புக்கு இழப்பீடு கோரிய மிகப் பழைய மனுக்களில் ஒன்றாக இதை வரலாற்றாசிரியர்கள் மதிக்கிறார்கள்.

1908இல் உள்ளூர்ச் சங்கம் ஒன்று மாளிகையை வாங்கிக் காப்பாற்றியது. பல ஆண்டுகள் பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டவை நாற்காலிகளும் சுவர் வேலைப்பாடுகளும்தான். அடிமைகளின் கதை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. 1999 முதல் 2001 வரை பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. அதன் பிறகு அருங்காட்சியகம் தன் பெயரிலேயே ‘அடிமைக் குடியிருப்பு’ என்பதைச் சேர்த்துக்கொண்டது. அந்த முடிவு காலம் தாழ்த்தி வந்தாலும் நேர்மையானது.

மகன் ராயல் எழுதிவைத்த நிலத்தின் வருவாயில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி 1815இல் உருவானது. அந்தக் குடும்பச் சின்னமான மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளை ஹார்வர்டு சட்டக் கல்லூரியும் தன் கேடயச் சின்னத்தில் வைத்திருந்தது. மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 2016இல் அதைக் கைவிட்டது. மறு ஆண்டு, கல்லூரி உருவாவதற்கான செல்வத்தைத் தம் உழைப்பால் ஈட்டிய அடிமைகளின் நினைவாக வளாகத்தில் ஒரு கல்வெட்டை நிறுவியது.