மறைத்துக் காயவைத்த துணி - ஒரு சின்ன வரலாறு

வரலாறு என்றதும் ராஜா, போர், கல்வெட்டு என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இன்றைக்கு நான் எழுதப்போவது ஒரு துணியின் வரலாறு. மாதவிலக்குத் துணி. "ஐயே, இதைப் போயா எழுதறே?" என்று முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முக்கியமாகப் பசங்க படிக்கணும்.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், ஷிப்ட் முடிகிற நேரத்தில் பெண்கள் பெட்டி எப்படி இருக்கும் என்று. சிப்காட்டில் வேலை செய்கிறவர்களில் என் வயதுப் பெண்கள் நிறைய. அதில் பலர் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். நாலைந்து வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ், ஒரு கொடிக்கயிறு. அந்தக் கொடியில் எல்லாத் துணியும் காயும், ஒன்றைத் தவிர!

ஆயாவிடம் ஒருநாள் கேட்டேன், "உங்க காலத்துல என்ன ஆயா பண்ணீங்க?" என்று. "பழைய பொடவையக் கிழிச்சி நாலா மடிச்சி வச்சிக்குவோம். தொவச்சி, வேலி ஓரமா பாவாடைக்கு அடியில போட்டுக் காயவைப்போம். மழக்காலத்துல காயவே காயாது, ஈரத்தோடவே எடுத்துக் கட்டிக்குவோம்" என்றார். இந்தக் கட்டுரைக்கு ஆரம்பமே அந்த வார்த்தைதான். துணியில் தப்பு இல்லை. பருத்தி நன்றாக உறிஞ்சும், துவைத்தால் சுத்தமாகும். தப்பு எங்கே என்றால், அதை வெயிலில் போட முடியாததில். ஈரத்தோடு வைத்தால் புண்ணும் தொற்றும் வரத்தானே செய்யும்?

போரில் பிறந்த பஞ்சு

மேல்நாட்டிலும் முதலில் துணிதான். 1896 வாக்கில் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி 'லிஸ்டர்ஸ் டவல்ஸ்' என்று உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போடும் பேடை விற்றது. சரியாகப் போகவில்லை. கடையில் போய் வாய்விட்டுக் கேட்க வெட்கம்!

பிறகு முதல் உலகப்போர். காயத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சு போதாமல் மரக்கூழிலிருந்து ஒரு பொருளைச் செய்தார்கள். பெயர் செல்லுகாட்டன். அது பஞ்சைவிட அதிகம் உறிஞ்சும், விலையும் குறைவு. போர்முனை ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸுகள் அதையே மாதவிலக்குக்கும் வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் அந்தச் சரக்கை என்ன செய்வது என்று யோசித்த கிம்பர்லி கிளார்க் கம்பெனி 1920ல் 'கோடெக்ஸ்' என்ற பெயரில் பேட் விற்க ஆரம்பித்தது. வெட்கத்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். கடையில் ஒரு டப்பா வைப்பார்கள். காசைப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் பேடை எடுத்துக்கொண்டு போகலாம். நம் ஊர் மருந்துக்கடையில் நியூஸ்பேப்பரில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டுத் தருகிறார்களே, அதற்கு அக்கா மாதிரி அந்த டப்பா. நூறு வருஷத்தில் பஞ்சு மாறியது, வெட்கம் மாறவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெஷின்

அடுத்த பகுதி உங்களுக்கே தெரிந்திருக்கும். 1998ல் கல்யாணமான அருணாச்சலம் முருகானந்தம், மனைவி பழைய துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்துதான் ஆராய்ச்சியில் இறங்கினார். தானே ஒரு ஃபுட்பால் ப்ளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பிக் கட்டிக்கொண்டு சோதித்த கதை பிரபலம். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. பெரிய கம்பெனிகள் உபயோகிப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு வருஷக்கணக்கில் ஆனது. (அதே செல்லுகாட்டன் குடும்பம்தான்!) அரைப்பது, அழுத்துவது, ஒட்டுவது, கிருமிநீக்குவது என்று வேலையைப் பிரித்து, மகளிர் குழுக்களே வாங்கி ஓட்டும்படி சின்ன மெஷின் செய்தார். 2016ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அரசாங்கமும் இறங்கியது. 2011ல் அறிவித்து 2012ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில், கிராமத்து வளரிளம் பெண்களுக்கு வருஷத்துக்கு 18 பாக்கெட் நாப்கின் இலவசம், பாக்கெட்டுக்கு 6. பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 x 6 = 108. மாதத்துக்கு 9. ஐந்து நாளைக்கு, நாளுக்கு 3 என்று வைத்தாலே 15 வேண்டும். மீதி 6க்கு? ஒன்று காசு கொடுத்து வாங்கணும், அல்லது பழையபடி துணி. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் 64 சதவீதம் பேர் நாப்கின் என்றும், 50 சதவீதம் பேர் துணி என்றும் சொல்லியிருக்கிறார்கள். கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்கிறீர்களா? இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆக, துணி ஆயா காலத்தோடு முடிந்த கதை இல்லை.

திரும்பி வந்த துணி

2004 சுனாமி நம் பழவேற்காடு கடலோரத்தையும் அடித்தது. அப்போது தமிழ்நாட்டுக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. உடுத்த முடியாதவை ரோட்டோரம் குவிந்து கிடந்தன. டெல்லியில் 1999ல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அந்தத் துணியை வாங்கித் தரம்பிரித்தது. உடுத்த உதவாத பருத்தியைத் துவைத்து, வெட்டி, மாதவிலக்குத் துணியாகச் செய்து கொடுக்கும் வேலையை அவர்கள் வளர்த்தது அந்த வருஷங்களில்தான்.

2010ல் ஆரோவில்லில் 'ஈகோ ஃபெம்' தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களே தைக்கிறார்கள். மேலே மெத்தென்ற பருத்தி ஃபிளானல், கீழே கசியாத ஒரு அடுக்கு, ஜட்டியில் மாட்ட டிக் பட்டன். துவைத்துத் துவைத்துச் சில வருஷம் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் ஒன்று விற்றால் இங்கே ஒரு மாணவிக்கு ஒன்று இலவசம். கூடவே, உடம்பைப் பற்றிப் பேசும் ஒரு வகுப்பும் உண்டு.

கென்யாவில் நடந்தது இன்னொரு பாடம். 2008ல் 'டேஸ் ஃபார் கேர்ள்ஸ்' அமைப்பு ஒரு விடுதிப் பெண்களுக்கு முதலில் தூக்கிப்போடும் பேடைத்தான் கொடுத்தது. போட இடமில்லை, குப்பை தேங்கியது. பிறகுதான் துவைக்கும் பேட். முதலில் வெள்ளைத் துணியில் தைத்தார்கள், கறை தெரிந்தது. வெளியே காயப்போடக் கூசினார்கள். அதனால் பளிச்சென்று பூப்போட்ட துணிக்கு மாறினார்கள். பார்த்தால் கைக்குட்டை மாதிரி இருக்கும். கொடியில் தைரியமாகப் போடலாம்! தையல்காரிக்கு இது சின்ன மாற்றம். ஆனால் ஆயாவின் வேலியோரப் பிரச்சினைக்குப் பதில் இதில் இருக்கிறது.

என் கேள்வி

நண்பர்களே, இங்கே எனக்கே ஒரு உறுத்தல் உண்டு. வசதியான பெண்ணுக்கு நாப்கின், ஏழைப் பெண்ணுக்கு மட்டும் துவைக்கும் துணியா? பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருபவளிடம் "நீ துணியைத் துவை, பூமியைக் காப்பாற்று" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதேசமயம், மாதா மாதம் நாப்கின் வாங்கும் காசு ஒரு செங்கல் சூளைக் குடும்பத்துக்குச் சின்னக் காசு இல்லை. உபயோகித்த பிளாஸ்டிக்கை எங்கே போடுவது என்பதற்கும் பல இடங்களில் பதில் இல்லை.

எனவே என் முடிவு இதுதான். எது வேண்டும் என்று அவள் தேர்ந்தெடுக்கட்டும். நாம் துணி பேட் தைத்துக் கொடுக்கிறோம் என்றால், துணியோடு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. துவைக்கத் தண்ணீர் இருக்கிறதா, தாழ்ப்பாள் உள்ள குளியலறை இருக்கிறதா, காயப்போட வெயில் படும் இடம் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்க்கணும். இல்லையென்றால் ஆயாவுக்கு நடந்ததையே அழகான பூப்போட்ட துணியில் திரும்பச் செய்கிறோம்.

இதை எழுதி முடித்ததும் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "பூப்போட்டதுன்னா நானும் மாடியிலயே காயப்போட்டிருப்பேன்" என்றார்.